குழியை எதைக் கொண்டு நிரப்புவது?

கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தரையை நோக்கி வைத்த கால், இன்னொரு படி மிச்சமிருந்ததால் வெற்றிடத்தில் இறங்கியது. வலது பாதம் உட்பக்கமாக மடங்க, என் முழு எடையும் அதன்மேல் விழுந்தது. எலும்பு முறியவில்லை என்று அன்று மாலையே எடுத்த எக்ஸ்ரே சொன்னது. சுளுக்குதான், மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வெளிப்புறத்தில் கன்றியிருந்த தோல் பழைய நிறத்துக்குத் திரும்பியது; வலி மட்டும் இடம்மாறிக் கணுக்காலின் உட்புறத்துக்கு வந்து, விரல் வைத்துக் காட்ட முடியாத ஆழத்தில் குடியேறிவிட்டது. சமதரையில் கால் மணி நேரம் நடந்தால் தொடங்கும், படி இறங்கும்போது கூடும், இரவு படுத்த பிறகு பல்வலி போல விண்விண் என்று தெறிக்கும். விசாரித்தவர்களிடமெல்லாம் சுளுக்கு என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அது சுளுக்கென்று பழகிப்போனது. ஒன்பது மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் காரணம் தெரிந்தது.

மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பிப் பேனா முனையால் ஓர் இடத்தைக் காட்டினார். கறுப்பாகத் தெரிந்த எலும்பின் வழவழப்பான வளைவில், உட்பக்க ஓரத்தில், நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல ஒரு சிறு குழி. அதற்குக் கீழே எலும்புக்குள் வெள்ளைப் புகை படிந்ததுபோல ஒரு மங்கல். குழியின் அளவு 9 மி.மீ.க்கு 7 மி.மீ. என்று அறிக்கையில் இருந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதை எதைக் கொண்டு நிரப்புவது என்ற ஒரே கேள்வியோடு அடுத்த பல மாதங்கள் அலைந்தேன், படித்தேன், மூன்று மருத்துவர்களிடம் கேட்டேன். கேள்வியையே தவறாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது மிகவும் தாமதமாகத்தான் விளங்கியது.

குழி விழுந்த எலும்பின் பெயர் தாலஸ். முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளின் முனைகளும் சேர்ந்து ஒரு கவட்டையாக அமைய, அதற்குள் பொருந்தி அமர்ந்து, உடலின் எடை முழுவதையும் பாதத்துக்குக் கடத்துவது இதுதான். இதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு, மூட்டில் எலும்புகள் உரசாமல் வழுக்க உதவும் குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கிறது. தசை ஒன்றுகூட இதில் வந்து ஒட்டுவதில்லை. எலும்புக்குள் இரத்தக் குழாய்கள் நுழைய மிஞ்சியிருக்கும் இடம் குறைவு என்பதால், அடிபட்டால் ஆறுவதும் மெதுவாகத்தான். கவட்டைக்குள் இது எவ்வளவு நுணுக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்பதை 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள்: தாலஸ் வெளிப்பக்கமாக 1 மி.மீ. நகர்ந்தாலே இரு எலும்புகளும் தொட்டுக்கொள்ளும் பரப்பு 42 விழுக்காடு குறைந்துவிடுகிறது. அதே எடை, பாதிக்குச் சற்றே மேலான பரப்பின்மீது. குழி விழுந்த மூட்டில் எடை எங்கே போய் அழுத்தும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

முழங்கால் சில்லின் பின்புறத்தில் 5 மி.மீ.க்கு மேலும் தடிமனாக வளரும் குருத்தெலும்பு, கணுக்காலில் பெரும்பாலான இடங்களில் 1 முதல் 1.7 மி.மீ. வரைதான். மெல்லியது என்றாலும் பலவீனமானது அல்ல. வயதால் மட்டுமே தேய்வது முழங்காலில் சாதாரணம், கணுக்காலில் அபூர்வம். கணுக்கால் தேய்ந்துபோனவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னணியில் ஒரு பழைய முறிவோ, திரும்பத் திரும்ப வந்த சுளுக்கோ இருக்கும். அதாவது இந்த மூட்டை வயது அவ்வளவாகத் தின்பதில்லை, காயம்தான் தின்கிறது.

குருத்தெலும்பு ஆறாது என்பது புதிய செய்தியல்ல. 1743இலேயே வில்லியம் ஹன்டர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில், ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று பதிவு செய்துவிட்டார். காரணமும் எளிதாகப் புரியக்கூடியதுதான். தோல் கிழிந்தால் இரத்தம் வருகிறது, இரத்தம் உறைகிறது, உறைந்த கட்டிக்குள் உயிரணுக்கள் வந்து சேர்ந்து புதுத் திசுவைக் கட்டுகின்றன. குருத்தெலும்பில் இரத்தக் குழாயே இல்லை. எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நீர், மிச்சம் கொலாஜன் நார்களும் நீரைப் பிடித்து வைக்கும் பெரிய மூலக்கூறுகளும். இவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறைப்பட்டிருக்கும் சில அணுக்கள். உதவிக்கு யாரும் வரமுடியாத ஊர் அது.

நரம்பும் இல்லை. இந்த ஒரு தகவல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நரம்பில்லாத பொருள் உடைந்தால் வலிப்பது எப்படி? வலிப்பது அதற்குக் கீழே உள்ள எலும்பு. குருத்தெலும்பில் விரிசல் விழுந்து, அதைத் தாங்கியிருக்கும் எலும்புத் தகடும் உடைந்திருந்தால், ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும் மூட்டுநீர் அந்தத் துளை வழியாக எலும்புக்குள் அழுத்தத்தோடு ஏற்றப்படுகிறது. நரம்புகள் நிறைந்த எலும்பு அதைத் தாங்காமல் வீங்குகிறது, நாளடைவில் உள்ளே நீர்ப்பை போலக் குடைந்துகொள்கிறது என்பது ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான் டைக் குழுவினரின் விளக்கம். திரையில் நான் பார்த்த வெள்ளைப் புகை அந்த வீக்கம்தான். குழி மேலே, நோய் கீழே. குருத்தெலும்புக்கு என்ன செய்வது என்றே கேட்டுக்கொண்டிருந்த நான், எலும்பைப் பற்றி ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்ற கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது. இந்தக் காயங்களைப் படிநிலைகளாகப் பிரித்து பெர்ன்ட், ஹார்ட்டி இருவரும் 1959இல் வகுத்த முறை எக்ஸ்ரேயை நம்பியதுதான். ஆனால் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அடி எலும்பு பெயர்ந்து நின்றால்தான் தெரியும். தாலஸ் குழிகளில் ஏறத்தாழ பாதி வரை சாதாரண எக்ஸ்ரேயின் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. எம்.ஆர்.ஐ. அவற்றைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் எலும்பு வீக்கத்தையும் சேர்த்துக் காட்டுவதால் குழியைப் பெரிதாக்கியும் காட்டும். அறுவைக்கு முன் சி.டி. வேண்டும் என்று என் மருத்துவர் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம். எலும்பின் விளிம்பு எங்கே நிற்கிறது என்பதை சி.டி.தான் திருத்தமாகச் சொல்லும். எனக்கு அதில் 8 மி.மீ.க்கு 6 மி.மீ. என்று வந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

கத்தியை எடுப்பதற்கு முன் பூட்ஸ் போன்ற உறை மாட்டி, எடை வைக்காமல், சில வாரங்கள் பார்ப்பது வழக்கம். எலும்பு வளர்ச்சி முடியாத சிறுவர்களுக்கு இதிலேயே நன்றாகக் குணமாவதுண்டு. பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் பலன். எனக்கு ஆறு வாரம் ஓய்வு கிடைத்தது, பலன் கிடைக்கவில்லை.

அந்த ஆறு வாரத்தில்தான், வேறு வகை அணுக்களாக மாறக்கூடிய மூல அணு என்று சொல்லப்படும் ஸ்டெம் செல் என் வாழ்க்கைக்குள் வந்தது. வேறொரு சிகிச்சை மையத்துக்குப் போனேன். பளபளப்பான கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். அட்டையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வயதானவர், உள்ளே தேய்ந்த மூட்டும் தேயாத மூட்டும் அருகருகே. இடுப்பெலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்த அணுக்களைக் கணுக்காலுக்குள் ஊசியால் செலுத்துவார்களாம். வெட்டு இல்லை, தையல் இல்லை, மாலையே நடந்து வீட்டுக்குப் போகலாம். என் எம்.ஆர்.ஐ. உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. குழியின் அளவு என்னவென்று கேட்கவில்லை. மூன்று ஊசி வேண்டுமா ஐந்து வேண்டுமா என்பதில்தான் பேச்சு இருந்தது. திரும்பி வந்து என் அறுவை மருத்துவரிடம், "நீங்கள் ஸ்டெம் செல் போடமாட்டீர்களா, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் செய்யப்போவதும் அதுதான். உங்கள் எலும்புக்குள் இருப்பதை வெளியே எடுத்துத் திரும்பப் போடாமல், இருந்த இடத்திலிருந்தே மேலே வரவைக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது மைக்ரோஃபிராக்சர் என்னும் முறையை. அமெரிக்காவின் கொலராடோவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980களில் முழங்காலுக்கு வளர்த்தெடுத்தது. அதற்கு முன்பே 1959இல் பிரிஸ்டலில் பிரைடி என்பவர் எலும்பில் துளையிட்டு இதே தத்துவத்தைக் கையாண்டிருந்தார். தளர்ந்து தொங்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, ஓரங்களைச் செங்குத்தாகச் செதுக்கி, அடி எலும்பில் 3, 4 மி.மீ. இடைவெளியில் சிறு துளைகள் போடுவார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையிலிருந்து இரத்தம் ஊறி மேலே வந்து குழிக்குள் உறையும். அந்த இரத்தத்தில் ஸ்டெம் செல்களும் இருக்கும். உறைந்த கட்டி ஓர் ஊருக்குக் குளம் வெட்டியதுபோல. அதன்பின் வருகிறவர்கள் வந்து குடியேறுவார்கள். வளரும் திசு பழைய குருத்தெலும்பு அல்ல என்பதை யாரும் மறைப்பதில்லை. பழையதில் இருப்பது இரண்டாம் வகைக் கொலாஜன். புதியதில் தழும்புக்கே உரிய முதல் வகை மிகுதி. நார்க்குருத்தெலும்பு என்பார்கள். வழவழப்பும் உழைப்பும் சற்றுக் குறைவு. ஆனாலும் சிறிய குழிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நல்ல பலன் கிடைத்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

சிறிய என்பதற்கு எல்லை எது? 2009இல் கொரியாவிலிருந்து வந்த ஆய்வு 150 சதுர மி.மீ.யைத் தாண்டினால் தோல்வி ஏறுகிறது என்றது. 2017இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அந்த எல்லையை ஏறத்தாழ 107 சதுர மி.மீ.க்கு, அல்லது குறுக்களவில் ஏறத்தாழ 10 மி.மீ. அளவுக்கு இறக்கினார்கள். சி.டி.யில் திருத்தப்பட்ட அந்த ஒரு மில்லிமீட்டரின் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் என்றால் முக்கால் மணி நேர அறுவை. அந்தப் பக்கம் என்றால் கதையே வேறு.

அந்தக் கதையையும் தெரிந்துகொள்ளாமல் விடவில்லை. ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி 1990களின் தொடக்கத்தில் செய்யத் தொடங்கிய மொசைக் முறையில், முழங்காலின் எடை அதிகம் விழாத ஓரத்திலிருந்து எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த உருளைகளைத் தோண்டி எடுத்துக் கணுக்காலின் குழியில் அடித்து இறக்குவார்கள். அசல் குருத்தெலும்பே கிடைத்துவிடுகிறது என்பது இதன் பெருமை. விலை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும். தாலஸின் உட்பக்க ஓரத்துக்குச் செங்குத்தாகக் கருவி நுழைய வழியில்லாததால், கணுக்காலின் உட்புறம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையையே பெரும்பாலும் அறுத்துத் திறந்து, வேலை முடிந்தபின் திருகாணி போட்டு மூட வேண்டும். அதோடு, நோயில்லாத முழங்காலில் புது வலி வர வாய்ப்புண்டு. முழங்கால் குருத்தெலும்பின் தடிமனும் வளைவும் வேறு என்பதால், உருளை ஒரு மில்லிமீட்டர் துருத்தினாலும் எதிர்ப்பக்கம் உரசும். இவ்வளவையும் தாண்டி, பெரிய குழிக்கும் உள்ளே நீர்ப்பை குடைந்த எலும்புக்கும் இது கைகொடுக்கிறது. மிகப் பெரிய சேதத்துக்கு, இறந்தவர் ஒருவர் தானமாகக் கொடுத்த தாலஸிலிருந்து அதே இடத்துத் துண்டை அதே வளைவோடு வெட்டிப் பொருத்துவதும் உண்டு.

குருத்தெலும்பு அணுக்களையே ஆய்வகத்தில் வளர்த்து வைக்கும் முறை 1994இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து வந்தது. பிரிட்பெர்க், பீட்டர்சன் குழுவினர் 23 பேரின் முழங்காலில் செய்து வெளியிட்டார்கள். ஓர் அறுவையில் துளி குருத்தெலும்பை எடுத்து, வாரக்கணக்கில் அணுக்களைப் பெருக்கி, இரண்டாவது அறுவையில் பதிப்பது. இன்று அணுக்களைக் கொலாஜன் சவ்வில் ஏற்றிப் பதிக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு 2016இல் கிடைத்த அனுமதி முழங்காலுக்கு மட்டும். ஆய்வகமே வேண்டாம் என்று, துளையிட்ட குழியின்மேல் சவ்வை மட்டும் ஒட்டி இரத்தக்கட்டியை அசையாமல் பிடித்துவைக்கும் முறை ஐரோப்பாவில் பரவலாக இருக்கிறது. என் குழிக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை.

இனி அந்த ஊசிக்கு வருவோம். அதில் செலுத்தப்படும் அணுக்களுக்கு மீசென்கைமல் ஸ்டெம் செல் என்று 1991இல் பெயர் சூட்டியவர் ஆர்னால்ட் கேப்லன். அவரே 2017இல், ஸ்டெம் என்ற சொல் மக்களைத் தவறான நம்பிக்கைக்கு இழுத்துச் செல்கிறது, பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். இந்த அணுக்கள் உடலுக்குள் போனதும் தாமே குருத்தெலும்பாகி உட்கார்ந்துகொள்வதில்லை, சுற்றியிருக்கும் அணுக்களுக்குச் சமிக்ஞைப் பொருள்களைச் சுரக்கின்றன என்பது அவருடைய வாதம். பெயர் வைத்தவரே திரும்பப் பெற விரும்பிய பெயர்தான் அந்தக் கையேட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது.

எண்ணிக்கையும் கையேட்டில் இல்லை. மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தால் அதில் உட்கரு உள்ள அணுக்கள் ஒரு லட்சத்தில் ஒன்றிலிருந்து பத்து வரைதான் இந்த வகை. சுழற்றிச் செறிவாக்கினால் கூடும் என்றாலும் குழம்பில் உப்பளவுக்குத்தான் வரும். அதற்காக அது வீண் என்று நான் சொல்லவில்லை. இத்தாலியின் பொலோன்யாவில் ஜியானினி குழுவினர் 48 பேருக்கு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்துச் செறிவாக்கிய மஜ்ஜையைத் தாலஸ் குழியில் பதித்து, நல்ல பலன் கண்டதாக 2009இல் வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் செய்தது என்ன? குழியைச் சுத்தம் செய்தார்கள். அணுக்களைத் தாங்க ஒரு தாங்குசட்டத்தை அளவாக வெட்டி வைத்தார்கள். அது நழுவாமல் ஒட்டவைத்தார்கள். தொப்புள்கொடி இரத்த அணுக்களைக் கொண்டு 2012இல் தென் கொரியா முழங்காலுக்கு அனுமதித்த சிகிச்சையும் ஊசியல்ல, மூட்டைத் திறந்து குழிக்குள் வைப்பதுதான். மூட்டுநீருக்குள் பொதுவாகச் செலுத்திய அணு, சரியாக அந்த நகத்தளவு குழியைத் தேடிப்போய், தளர்ந்து தொங்கும் பழைய குருத்தெலும்பைத் தாண்டி, உடைந்த எலும்புத் தகட்டை அடைத்து உட்காரும் என்று எதை வைத்து நம்புவது? மைக்ரோஃபிராக்சரோடு மஜ்ஜைச் செறிவையும் சேர்த்தால் மறு அறுவை குறையக்கூடும் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு ஆர்வம் உண்டு. தனி ஊசியில் இல்லை.

ஊசிகளைப் பற்றிய ஒரு பாடம் இன்னொரு சிகிச்சையிலிருந்தும் கிடைத்தது. தேய்ந்த கணுக்காலுக்கு நோயாளியின் இரத்தத்தட்டுக்களைச் செறிவாக்கி ஊசி போடும் பி.ஆர்.பி.யை, வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு நெதர்லாந்தில் 100 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். 26 வாரத்தில் இரு தரப்பும் முன்பைவிட நன்றாக இருந்தன. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. உப்புநீர் குத்திக்கொண்டவர்களும் தேறியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஊசி போட்டபின் குணமானேன் என்று ஒருவர் மனதாரச் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தீங்கில்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் 2018இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து தயாரித்ததாகச் சொல்லப்பட்ட ஊசிகளால் 12 பேர் கிருமித்தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்ததும் பதிவில் இருக்கிறது.

அறுவை நாளன்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். விழித்திருக்கிறேன், திரையைப் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். பாதத்தைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி இழுத்து மூட்டை அகலப்படுத்தினார்கள். இடைவெளி மிகக் குறுகலானது என்பதால் கணுக்கால், மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பிக்கே லாயக்கற்றது என்று 1931இல் பர்மன் என்ற மருத்துவர் எழுதிவைத்திருந்தார். ஏறத்தாழ ஒரு பென்சிலின் பாதித் தடிமனே உள்ள குழாய் அங்கே என் கண்ணெதிரே நுழைந்தது. திரையில் முதலில் வந்தது முத்துச்சிப்பியின் உட்புறம் போன்ற வெண்மை. பிறகு, ஈரத்தில் உப்பிய தாள்போல ஓரிடம். கொக்கி வைத்துத் தொட்டதும் அது கதவைப்போலத் திறந்தது. உள்ளே மஞ்சளும் சாம்பலுமாக எலும்பு.

சுரண்டி முடித்துத் துளைகள் போட்டார். அகலமான கூர் ஊசியால் குத்தினால் எலும்புத் தகடு நொறுங்குகிறது, மெல்லிய துளையாக ஆழமாகப் போடுவதே நல்லது என்ற கட்சியைச் சேர்ந்தவர் அவர். எண்ணினேன், ஐந்து. எதுவும் நடக்கவில்லை. "தண்ணீரை நிறுத்துங்கள்" என்றார். மூட்டை விரித்து வைத்திருந்த நீரின் அழுத்தம் இறங்கியதும், ஒரு துளையிலிருந்து மஞ்சள் கொழுப்புத் துளி ஒன்று மெல்ல எழும்பி மிதந்தது. அதன்பின் சிவப்பு இழை, புகைபோல. பிறகு அடுத்த துளை. ஐந்தாவது துளை கசியும்வரை யாரும் பேசவில்லை. கையேட்டில் விற்கப்பட்ட பொருள் என் எலும்புக்குள்ளிருந்தே ஊறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் ஊன்றாமல் நான்கு வாரம். ஊன்றக் கூடாதே தவிர அசைக்கலாம், அசைத்தே ஆகவேண்டும் என்று முதல் வாரத்திலிருந்தே பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டச் சொன்னார்கள். புதுத் திசு உருப்படுவதற்கு அசைவும் உணவும் ஒன்றுதான், ஏனென்றால் இரத்தக் குழாயில்லாத இடத்துக்கு மூட்டுநீர் அசைந்தால்தான் ஊட்டம் போய்ச் சேரும். வெளிப்புறத் தசைநார் தளர்ந்திருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். தளர்ந்திருந்தால் 1966இல் ஸ்வீடனின் புரோஸ்ட்ரம் சொன்ன வழியில் அதையும் தைத்து இறுக்கியிருப்பார்கள். ஆடும் மூட்டில் எந்தத் திசுவும் நிலைக்காது. எனக்கு அது இறுக்கமாக இருந்தது அதிர்ஷ்டம். எட்டாம் வாரம் ஊன்றுகோலை விட்டேன். ஓடவும் குதிக்கவும் ஆறு மாதம் தடை. பாதத்தின் மேற்புறத்தில், குழாய் நுழைந்த இடத்துக்கு முன்னால், தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு சற்று அடிபட்டதில் உள்ளங்கையளவு மரத்துப்போனது, பாதிதான் திரும்பியிருக்கிறது.

ஓராண்டு முடிந்து எடுத்த எம்.ஆர்.ஐ.யை அதே திரையில் பார்த்தோம். குழி இருந்த இடம் நிரம்பியிருக்கிறது, ஆனால் நிரப்பியிருக்கும் பொருளின் சாயல் இரு புறமும் உள்ள குருத்தெலும்போடு ஒத்துப்போகவில்லை. பழைய சட்டையில் புதுத் துணி வைத்துத் தைத்ததுபோலத் தனியாகத் தெரிகிறது. மருத்துவர் அதன்மேல் பேனாவை நிறுத்தவில்லை. நேராகக் கீழே இறக்கி, எலும்புக்குள்ளிருந்த வெள்ளைப் புகையைக் காட்டினார். முக்கால்வாசி கலைந்திருந்தது. ஒரு மணி நேரம் நடந்தால் இப்போதும் லேசாக வலிக்கிறது, இரவில் வலிப்பதில்லை. மிச்சப் புகை கலைகிறதா என்று அடுத்த ஆண்டு மறுபடியும் படம் எடுக்க வேண்டும். அதுவரை படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணி இறங்குகிறேன். எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு.